பதினோரு மாதமும் ஒரு மாதமும்

விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு காலண்டர் உண்டு. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து ஞாயிறு மாலை 5 மணி வரை அப்பா. காலாண்டு லீவில் பாதி, அரையாண்டு லீவில் பாதி. மே மாதத்தில் முதல் 15 நாள் இங்கே, அடுத்த 15 நாள் அங்கே. தீபாவளி ஒரு வருஷம் அம்மாவோடு, மறு வருஷம் அப்பாவோடு. குடும்ப நல நீதிமன்றங்கள் போடும் உத்தரவுகளில் ஏறக்குறைய இப்படி ஒரு பத்தி இருக்கும். நாள் முழுக்க மீட்டிங் இன்வைட்டுகளோடு மல்லுக்கட்டும் என் மாதிரி ஆளுக்கு அதைப் படித்தால் பழகிய விஷயமாகத்தான் தெரியும். இரண்டு பேர், ஒரு ரிசோர்ஸ், ஒன்றோடொன்று மோதாத நேரங்கள். முடிந்தது வேலை.

அந்த ரிசோர்ஸுக்கு எட்டு வயது, அதற்குக் காய்ச்சல் வரும், அதற்கு ஒரு ஃப்ரெண்டின் பிறந்தநாள் இருக்கும் என்பதெல்லாம் காலண்டரில் தெரியாது.

திருப்போரூர், கேளம்பாக்கம், சிறுசேரி என்று ஓ.எம்.ஆர். நெடுக வாழ்கிறவர்களுக்கு இந்தக் காலண்டர் இன்று புதிதில்லை. ஆனால் இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது? பிள்ளையின் லீவைப் பாதியாக வெட்டலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? தேடிக்கொண்டு போனால் கதை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போகிறது, அங்கிருந்து சுற்றிக்கொண்டு நம் செங்கல்பட்டுக்கே வந்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் இருந்தவர் ஒரே பெண்மணி. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும்.

*

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இங்கிலாந்துச் சட்டத்தில் 1839 வரை பிள்ளை என்றால் அப்பாவின் பிள்ளைதான். பிரிந்துபோகும் தாய்க்கு வளர்க்கும் உரிமையும் கிடையாது, பார்க்கும் உரிமையும் கிடையாது. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரிடமிருந்து 1836இல் கணவர் மூன்று மகன்களையும் பிரித்துவிட்டார். அவர் விடாமல் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்தார். 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனு போடலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளையை அவ்வப்போது பார்க்க அனுமதி கேட்கலாம். 'பார்க்கும் உரிமை' என்று இன்று நம் கோர்ட்டுகளில் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. நார்ட்டனுக்கே அது பெரிதாக உதவவில்லை. அவருடைய கடைசி மகன் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான்.

1873இல் சட்டம் இன்னொரு படி ஏறியது. தாய் மனு போடுவதற்கான வயது வரம்பு 16 ஆனது. இன்னொன்றும் சேர்ந்தது. கணவனும் மனைவியும் பிரியும்போது பிள்ளைகளைப் பற்றித் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் இனி செல்லும். ஆனால் அது பிள்ளைக்கு நன்மை தராது என்று தோன்றினால் நீதிமன்றம் அதை நிறைவேற்ற மறுக்கலாம்.

அதே 1873 அக்டோபரில் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் அப்படி ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். மகன் டிக்பி அப்பாவிடம். மகள் மேபல் வருடத்தில் 11 மாதம் அம்மாவிடம், 1 மாதம் அப்பாவிடம். பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட். மனைவி அன்னி பெசன்ட். ஆமாம், பெசன்ட் நகர் பெசன்ட்டேதான்.

இன்றைய உத்தரவுகளின் முன்னோடி என்று இந்த ஒப்பந்தத்தைச் சொல்லலாம். அது அதிக நாள் நிற்கவில்லை. அன்னி பெசன்ட் நாத்திகரானார், மேடையில் பேசினார். 1877இல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்புச் செய்து வழக்கில் மாட்டினார். மறு வருடம் ஃபிராங்க் நீதிமன்றம் போனார். நீதிபதி ஜார்ஜ் ஜெசல், 1873 சட்டத்தின் அந்த 'ஆனால்' என்ற கதவைத் திறந்தார். இப்படிப்பட்ட கருத்துகள் கொண்ட தாயிடம் வளர்வது பெண் குழந்தைக்கு நல்லதில்லை. ஒப்பந்தம் போனது. ஏழு வயது மேபலும் போனாள்.

மேல்முறையீட்டில் பெசன்ட்டுக்குக் கிடைத்தது பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை மட்டும். அடுத்து அவர் செய்ததுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. சந்திப்புகள் பிள்ளைகளை அலைக்கழிப்பதைப் பார்த்து, அவர்கள் வளர்ந்து விவரம் தெரியும்வரை பார்ப்பதுமில்லை, கடிதம் எழுதுவதுமில்லை என்று முடிவெடுத்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். போராடி வாங்கிய உரிமையை அவரே மடித்து வைத்துவிட்டார். வளர்ந்த பிறகு இரண்டு பிள்ளைகளும் அவரிடம் திரும்பி வந்தார்கள். ஆனால் நடுவில் போன வருடங்கள் போனவைதான்.

அந்த முடிவு சரியா தவறா என்று 140 வருடம் கழித்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு பிள்ளையைப் பார்க்கும் உரிமையும், அந்தச் சந்திப்பு பிள்ளைக்கு நல்லபடியாக அமைவதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதை நீதிமன்றம் கொடுக்க முடியும். இரண்டாவதை இரண்டு பெற்றோரும் சேர்ந்துதான் கொடுக்க முடியும்.

*

இனி நம்ம ஊர். பெசன்ட் 1893இல் இந்தியா வந்தார். 1907இல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரானார். சபையில் நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மனைவி 1905இலேயே இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளைகளோடு அடையாறில் குடியிருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனை 1909இல் அடையாறு கடற்கரையில் பார்த்த லெட்பீட்டர், உலக குரு ஆகப்போகிறவன் இவன்தான் என்றார். ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் பெசன்ட்டின் பொறுப்பில் விட நாராயணய்யா எழுதிக் கொடுத்தார். 1912 தொடக்கத்தில் பையன்களை அழைத்துக்கொண்டு பெசன்ட் இங்கிலாந்து போனார்.

அந்த வருடமே அப்பா மனம் மாறினார். பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று 1912 அக்டோபரில் வழக்குப் போட்டார். போட்ட இடம் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றம். அடையாறு அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. வழக்கு அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நாராயணய்யா தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் அப்பா பக்கம் தீர்ப்பளித்தார். அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அதுவே. பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் தீர்ப்பு தலைகீழானது.

பிரிவி கவுன்சில் சொன்னதில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, அப்பா பிள்ளையை இன்னொருவர் பொறுப்பில் விடலாம், ஆனால் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அதாவது கொள்கை அளவில் நாராயணய்யா சொன்னதில் தவறில்லை. இரண்டு, 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர்கள் மற்றும் பராமரிக்கப்படுவோர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். படிக்க இங்கிலாந்து போய் மாதக்கணக்கில் அங்கே இருக்கும் பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று, இவ்வளவு வழக்கும் நடந்ததே, அந்தப் பையன்களுக்கு எது நல்லது என்று யார் பார்த்தார்கள்? அவர்களுடைய விருப்பத்தை யார் கேட்டார்கள்?

மூன்றாவது கேள்வி செங்கல்பட்டிலும் எழவில்லை, சென்னையிலும் எழவில்லை. லண்டனில் எழுந்தபோது மூத்தவனுக்கு 19 வயது ஆகிவிட்டது. பையன்கள் இந்தியா திரும்பியது 1921 டிசம்பரில்தான். அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்த்தார்கள். இடையில் ஏறக்குறைய பத்து வருடம். இரண்டு கோர்ட்டில் ஜெயித்த அப்பாவுக்கு அந்தப் பத்து வருடத்தில் ஒரு லீவுகூடக் கிடைக்கவில்லை. 1924இல் நாராயணய்யா காலமானார்.

மேபலை 'தாயின் கருத்துகளிலிருந்து' காப்பாற்ற ஒரு நீதிமன்றம் பிரித்தது. அதே தாய், 34 வருடம் கழித்து, இன்னொருவரின் பிள்ளைகளைத் தன் கருத்துகளுக்காகப் பிரித்து வைத்தார். பாதிக்கப்பட்டவருக்கு அந்த வலி தெரியும், அதனால் அவர் அதைச் செய்யமாட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

*

நம் ஊரில் விவாகரத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியில்லை. பல சாதிகளில் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும், பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கமும் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். எழுத்துச் சட்டமாக சென்னை மாகாண இந்துக்களுக்கு விவாகரத்து வந்தது 1949இல். இந்தியா முழுக்க 1955இல். பரஸ்பர சம்மதத்தில் பிரியலாம் என்ற பிரிவு 1976இல் சேர்ந்தது.

1955ஆம் வருடத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் ஒரு சின்ன சொற்றொடர் இருக்கிறது. பிள்ளைகளின் பொறுப்பு, செலவு, படிப்பு பற்றி உத்தரவு போடும்போது முடிந்தவரை அவர்களுடைய விருப்பத்துக்கு இசைய இருக்க வேண்டும் என்கிறது. 1914இல் கேட்ட கேள்வி சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் மறு வருடமே வந்த 1956 சட்டம் இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்றது. ஐந்து வயதுவரை பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கலாம், அவ்வளவுதான். அந்த 'அவருக்குப் பிறகு' என்பதற்கு 'அவர் இறந்த பிறகு' என்று மட்டும் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆனது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கு அது. மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க அம்மாவின் கையெழுத்து போதாது என்று சொன்னதில் தொடங்கியது.

நடுவில் 1973இல் சென்னையிலிருந்து டெல்லி போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் வைத்தது. இன்றுவரை கஸ்டடி தீர்ப்புகளில் அந்த வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

உண்மையான திருப்பம் 1989இல் வந்தது என்பேன். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பிரிந்திருக்கும் பெற்றோர் இருவரோடும் தொடர்ந்து தொடர்பில் இருப்பதைப் பிள்ளையின் உரிமை என்றது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. நார்ட்டன் கேட்டது தாயின் உரிமை. நாராயணய்யா கேட்டது தந்தையின் உரிமை. இங்கே எழுவாயே மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் சட்ட ஆணையம் கொடுத்த 257ஆவது அறிக்கை, இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பது மட்டும் போதாது, போனிலும் வீடியோ காலிலும் பேசுவதற்கும் பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும் என்றது.

காகிதத்தில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. பிறகு ஏன் ஏப்ரல் மாதம் வந்தால் இத்தனை பேருக்கு வயிறு கலங்குகிறது? மே மாதம் பள்ளிக்கூடத்துக்கும் லீவு, சிவில் கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை. லீவுக்குப் பிள்ளையைக் கேட்கும் இடைக்கால மனுவை அதற்குள் போட்டாக வேண்டும். எதிர்த்தரப்பு பதில் மனு போடும், வாய்தா விழும். யாருக்கு எத்தனை நாள் என்று இருவரும் கணக்குப் பார்க்கும்போது எழுவாய் மறுபடியும் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. 'என்னோட 15 நாள்.'

*

இங்கே கோர்ட்டை விட்டுவிட்டு ஒரு பழைய வழக்கத்தைப் பார்ப்போம். மே லீவு நம் ஊரில் எப்போதுமே பாதி பாதிதான். பிரியாத குடும்பங்களிலும்கூட. பள்ளிக்கூட நாளெல்லாம் அப்பா வீட்டில், முழுப் பரீட்சை முடிந்ததும் அம்மாவின் தாய் வீட்டில். தொண்டை மண்டலத்துக்காரர்கள் 'ஆயா வீடு' என்பார்கள். மாமா வந்து கூட்டிப்போவார், இல்லை அம்மா கொண்டுபோய் விடுவாள். நுங்கு சீசன், ஏரி, கிணறு, மாமா பிள்ளைகள். அங்கே பிள்ளை விருந்தாளியில்லை. பால் வாங்கிவரச் சொல்வார்கள், திட்டுவார்கள், அடிபட்டால் மஞ்சள் வைப்பார்கள். அந்த வீட்டில் அதற்கென்று ஒரு தட்டு இருக்கும்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு வீடு இருக்கலாம், இரண்டும் சொந்த வீடாக இருக்கலாம் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். அதை யாரும் பங்கு என்று சொல்லவில்லை.

விவாகரத்துக்குப் பிறகு பெரும்பாலும் என்ன நடக்கிறது? பிள்ளை அம்மாவோடு இருக்கிறது. ஆயா வீடுதான் இப்போது அன்றாட வீடு. அப்பா வீடு லீவு வீடாகிறது. திசை மாறியதில் தவறில்லை. ஆனால் பல அப்பாக்களிடம் கொடுப்பதற்கு வீடு இருப்பதில்லை. பேச்சிலர் மாதிரி ஒரு ஃபிளாட் இருக்கும், ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் இருக்கும். அதனால் சனிக்கிழமை வந்தால் முட்டுக்காடு போட் ஹவுஸ், வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம் கடற்கரை, ஒரு மால், ஒரு பீட்சா. ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒப்படைப்பு. டிக்கெட் வாங்கி வாங்கியே அப்பாவாக இருக்க வேண்டியிருக்கிறது. அன்பில்லாமல் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அப்பா ஒரு சுற்றுலாத் தலமாகிவிடுகிறார். சில சமயம் அம்மாவுக்கும் இதே கதைதான், இடம் மட்டும் மாறும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார். 'போன லீவுல பையன் கிளம்புறப்ப கேட்டான் சார், "அப்பா, இந்த பிரஷ்ஷ இங்கயே வச்சிட்டுப் போகட்டுமா?"ன்னு. அதுவரைக்கும் பேக்லதான் எடுத்துட்டு வருவான், எடுத்துட்டுப் போவான். அன்னிக்குதான் எனக்கு உரைச்சுது.' அடுத்த மாதம் அவர் எங்கேயும் கூட்டிப்போகவில்லையாம். இரண்டு பேரும் சேர்ந்து சாம்பார் வைத்தார்களாம். 'உப்பு ஜாஸ்தி. ஆனா ரெண்டு தட்டு சாப்டான்.'

உத்தரவில் எத்தனை மணி நேரம் என்று எழுத முடியும். பிரஷ் எங்கே இருக்க வேண்டும் என்று எழுத முடியாது.

*

திருப்போரூர் கந்தசாமி கோயிலில் ஒவ்வொரு மாதமும் கிருத்திகைக்குக் கூட்டம் வரும், ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் அதிகம். அந்த நாளின் கதை நமக்குத் தெரிந்ததுதான். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளையும் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பார்வதி வந்து வாரி அணைத்ததும் ஆறும் ஒன்றானது. குழந்தை தாயிடம் போய்விட்டது. வளர்த்தவர்களுக்கு என்ன மிச்சம்? சிவன் இரண்டு விஷயம் தருகிறார். குழந்தை உங்கள் பெயரால் கார்த்திகேயன் என்று அழைக்கப்படுவான். உங்கள் நட்சத்திர நாளில் விரதமிருந்து அவனை வழிபடுகிறவர்களுக்கு வேண்டியது கிடைக்கும்.

அசுரர்களோடு விண்ணில் போர் நடந்த தலம் என்பதுதான் இந்த ஊரின் புராணம், பெயரிலேயே போர் இருக்கிறது. ஆனால் மாதா மாதம் இங்கே கூடும் கூட்டம் போருக்காக வருவதில்லை. பிள்ளையை விட்டுக்கொடுத்த ஆறு பெண்களின் நாளுக்காக வருகிறது. மாதம் ஒரு நாள், தவறாமல். அந்த நாளை யாருடைய கணக்கிலிருந்தும் கழிப்பதில்லை. பெற்றவளும் தடுத்ததாகக் கதையில் இல்லை.

புராணத்தைச் சட்டமாக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அடிதடிக்குப் பயந்து பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை அனுப்பவே கூடாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே நீதிமன்றம் கறாராகத்தான் இருக்க வேண்டும். நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி. ஒருவரையொருவர் பிடிக்காமல் போன, ஆனால் பிள்ளையை இருவருக்கும் பிடித்த சாதாரண மனிதர்களைப் பற்றி.

அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதத்துக்கான மனுவை எழுதும் முன், வக்கீல் கேட்கும் தேதிகளைச் சொல்லும் முன், 1914இல் லண்டனில் கேட்ட அந்த மூன்றாவது கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'யார்கூட இருக்கப் போற?' என்று கேட்காதீர்கள், அது பிள்ளையை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பது. 'லீவுல என்ன பண்ணலாம்னு இருக்க?' என்று கேளுங்கள். நீச்சல் கிளாஸ் என்று சொல்லலாம். அப்பாவோட ஊருக்குப் போய் அந்தத் தாத்தாவைப் பார்க்கணும் என்று சொல்லலாம். ஒன்றும் பண்ணாமல் தூங்கணும் என்றும் சொல்லலாம். தேதியை அதற்குப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.